ஹெட்போனும் விரியலாக்கியும்: தேவையொன்றின் வரலாறு

ஒரு கருவி தேவைக்குரியதா, ஆடம்பரத்துக்குரியதா என்ற வினாவுக்கு அக்கருவியை மட்டும் ஆராய்ந்து விடை காண்பது அரிது. அது எந்தக் கருவியோடு சேர்ந்து இயங்குகின்றது, எந்தக் காலத்தின் குறையை நிரப்ப எழுந்தது என்பனவும் நோக்கப்படல் வேண்டும். ஹெட்போன் அணிந்து இசை கேட்போரிடையே நெடுநாளாக நிலவிவரும் ஐயம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. கைத்தொலைபேசியிலும் கணினியிலும் ஏலவே அமைந்துள்ள மின்சுற்றுப் போதுமா? அன்றி, பேச்சுவழக்கில் அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கியொன்றை ஹெட்போனுக்கென்றே தனியாக வாங்குதல் வேண்டுமா? விற்போர் வேண்டும் என்பர். வாங்கியோர் தாம் செய்த செலவை நியாயப்படுத்துவர். வாங்க இயலாதோர் அதனை வீண்பகட்டு என்பர். இம்மூவர் கூற்றையும் ஒருபுறம் ஒதுக்கி, வரலாற்றைச் சான்றுக்கழைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரியலாக்கி இல்லாத காலம்

ஹெட்போன் விரியலாக்கிக்கு முந்தியது என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. 1881 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியிலே கிளெமென்ற் அடேர் என்பார், ஒப்பேரா அரங்கின் இசையைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாகக் கண்காட்சி மண்டபத்துக்குக் கொணர்ந்தார். வந்தோர் இரு செவிகளிலும் இரு வாங்கிகளை வைத்து அதனைக் கேட்டனர். 1890 இல் இம்முறை தியேற்றரோபோன் என்னும் பெயரில் வணிக நிறுவனமாயிற்று. இலண்டனில் 1895 இல் தொடங்கிய எலெக்றோபோன் சேவையும் இவ்வகையினதே. இவற்றுள் எதிலும் இக்காலத்தார் பொருள்கொள்ளும் விரியலாக்கி இருக்கவில்லை. அரங்கிலிருந்த ஒலிவாங்கி அனுப்பிய சிறு மின்னோட்டமே கேட்போர் செவியை அடைந்தது.

1910 இல் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் போல்ட்வின் தம் வீட்டுச் சமையலறையிற் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படை பரிசோதித்து ஏற்றுக்கொண்டது. கடற்படை மேலும் பல கேட்டபோது, ஒரு தடவையிற் பத்துக்கு மேற் செய்து தர இயலாதென அவர் அறிவித்தார் என்பர். அக்கருவியின் செவித்துண்டு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு மைல் நீளமான மெல்லிய செப்புக்கம்பி சுற்றப்பட்டிருந்தது. இவ்வளவு கம்பி சுற்றியதன் காரணம் தெளிவானது. வரும் மின்னோட்டம் மிகச் சிறிது; அதனைப் பெருக்குவார் இல்லை; ஆகவே சுற்றுக்களைப் பெருக்கிக் காந்த விளைவைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

வானொலியின் தொடக்க காலமும் இவ்வாறே அமைந்தது. கலீனாப் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலையை உணரும் முறைக்கு ஜகதீஸ் சந்திர போஸ் 1904 இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். 1906 இல் பிக்கார்ட் சிலிக்கன் படிகத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். பிற்ஸ்பேக் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பரிலும், பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் 1922 நவம்பரிலும் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, எளிய குடும்பங்கள் பல படிக வாங்கிகளாலேயே கேட்டன. படிக வாங்கிக்கு மின்கலமும் வேண்டியதில்லை. வானிலிருந்து ஏரியல் பற்றிய சக்தியே ஹெட்போனின் தகட்டை அதிரச்செய்தது.

இலங்கையும் இக்காலத்துக்குப் புறம்பானதன்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர் 1923 இல் கொழும்பிலே பரிசோதனை ஒலிபரப்பை நடாத்தினார். கைப்பற்றப்பட்ட யேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்கள் அவரது பரப்பிக்குப் பயன்பட்டன. 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபேட் வெலிக்கடையிலிருந்து ஒலிபரப்பை முறைப்படி தொடக்கிவைத்தார். அந்நாளிற் படிக வாங்கியை நம்பியிருந்த எவருக்கும் ஹெட்போன் ஒன்றே வாயிலாக இருந்தது.

இக்காலத்து ஹெட்போன்களின் தடங்கல் ஆயிரக்கணக்கான ஓம்களாக இருந்தது. அவை மிகச் சிறிய வலுவுக்கும் ஒலித்தன. ஆனால் தெளிவாக ஒலிக்கவில்லை. இரும்புத் தகடொன்றைக் காந்தத்தின் முன் அதிரச்செய்யும் அமைப்பில் உணர்திறன் கிடைத்தது. மனிதக் குரல் விளங்கியது. ஆயின் தாழ்ந்த சுரங்களும் மிக உயர்ந்த சுரங்களும் தேய்ந்தே கேட்டன. உணர்திறனுக்கும் தெளிவுக்கும் இடையிலான இப்பிணக்கே பின்வரும் வரலாறு முழுவதற்கும் திறவுகோலாகும்.

வால்வு தந்த விடுதலை

லீ டி பொறஸ்ற் 1906 தொடக்கம் உருவாக்கிய ஓடியன் என்னும் வெற்றிட வால்வு இப்பிணக்கைத் தீர்க்கும் வழியைத் திறந்தது. மூன்றாவது மின்வாயைக் கொண்ட அமைப்பு 1908 இல் ஆக்கவுரிமை பெற்றது. அது சிறு மின்சைகையைப் பெரிதாக்க வல்லது என்பது சில ஆண்டுகளின் பின்னரே நன்கு உணரப்பட்டது. 1915 ஜனவரியிலே நியூயோர்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசி வழி இவ்வால்வுகளாலேயே இயன்றது.

விரியலாக்கியின் முதற்பயன் ஹெட்போனை வீட்டிலிருந்து வெளியேற்றியமையே எனலாம். 1925 இல் றைஸ், கெலொக் என்னும் இருவர் இயங்குசுருள் ஒலிபெருக்கியை வெளியிட்டபின், குடும்பம் முழுவதும் கூடியிருந்து கேட்க முடிந்தது. ஹெட்போன் தந்தி அலுவலரிடமும் விமானிகளிடமும் தொலைபேசி நிலையத்தாரிடமும் ஒதுங்கியது.

ஆயினும், அதே விரியலாக்கி ஹெட்போனை அமைப்போருக்கு விடுதலையையும் அளித்தது. வலு தாராளமாகக் கிடைக்குமாயின் உணர்திறனைச் சிறிது விட்டுக்கொடுத்துத் தெளிவைப் பெறலாம். 1937 இல் யேர்மனியில் ஒயிகன் பையர் வெளியிட்ட டி.டி. 48, இயங்குசுருள் முறையை ஹெட்போனுக்குக் கொணர்ந்தது. 1958 இல் மில்வோக்கி நகரிலே ஜோன் கொஸ் காட்சிக்கு வைத்த எஸ்.பி. 3, ஸ்ரீரியோ இசையைத் தனியொருவர் கேட்டு மகிழும் வழக்கத்தைத் தோற்றுவித்தது. 1960 இல் யப்பானின் ஸ்ராக்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட நிலைமின் ஹெட்போன் இப்போக்கின் எல்லை எனத்தகும். அதன் மெல்லிய படலத்தை இயக்க நூற்றுக்கணக்கான வோல்ற்று வேண்டும். அதற்கென அமைந்த தனிக்கருவியின்றி அது ஒலிக்கவே மாட்டாது. அங்கே தனி விரியலாக்கி தேவையா என்ற வினாவுக்கே இடமில்லை.

1968 இல் சென்கைசர் வெளியிட்ட எச்.டி. 414 திறந்த அமைப்புடைய முதல் ஹெட்போனாகும். ஒரு கோடிக்கு மேல் விற்பனையான அதன் தடங்கல் 2000 ஓம். வீட்டிலே சுவரிலிருந்து மின்சாரம் பெறும் பெரிய கருவிகள் அதற்கு வேண்டிய வோல்ற்றளவை எளிதில் வழங்கின. எனவே அக்காலத்தில் இவ்வகை ஹெட்போன் வைத்திருந்தோருக்குத் தனி விரியலாக்கி பற்றிய கவலை எழவில்லை. தேவை இருந்தது, அது வீட்டிலிருந்த பெரிய கருவியால் ஏலவே நிறைவேறியிருந்தது.

இரண்டு மின்கலங்களின் காலம்

1979 ஜூலை முதலாம் நாள் யப்பானில் வெளிவந்த சோனி வோக்மன் இச்சமநிலையைக் குலைத்தது. அது இரண்டு சிறு மின்கலங்களால், அதாவது 3 வோல்ற்றால், இயங்கியது. இத்தகைய கருவி ஹெட்போனுக்கு அளிக்கக்கூடியது ஏறத்தாழ 1 வோல்ற்றளவே எனக் கொள்வோம். 2000 ஓம் ஹெட்போனுக்கு அது அரை மில்லிவாற்று வலுவையே தரும். 32 ஓம் ஹெட்போனுக்கோ 31 மில்லிவாற்றுத் தரும். ஆகவே சட்டைப்பையிற் செல்லும் கருவிகளுக்கான ஹெட்போன்கள் தாழ்ந்த தடங்கலை உடையனவாயின. 1980களில் நியோடிமியம் காந்தம் தோன்றியபின், சிறிய ஹெட்போன்களும் நல்ல உணர்திறனைப் பெற்றன.

இவ்வாறு ஹெட்போன் உலகு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வீட்டுக் கருவிகளுக்கென அமைந்தது. மற்றையது பையிற் செல்வது. வீட்டு ஹெட்போனைப் பைக்கருவியோடு இணைக்க விரும்பியபோதே தனி விரியலாக்கி என்னும் பண்டத்துக்குச் சந்தை உண்டாயிற்று. 1990களில் அமெரிக்காவின் ஹெட்றூம் போன்ற நிறுவனங்கள் அதனையே தொழிலாகக் கொண்டன. ஆர்வலர் பலர் சிறு தகரப்பெட்டியில் 9 வோல்ற்று மின்கலத்தோடு அதனைத் தாமே செய்துகொண்டனர். அன்றைய சூழலில் அது நியாயமான தேவை என்பதில் ஐயமில்லை.

2010 அளவில் இப்பிரிவு மீண்டும் ஆழமாயிற்று. தட்டைப் படல ஹெட்போன்கள் சில தெளிவுக்காக உணர்திறனைப் பெரிதும் விட்டுக்கொடுத்தன. கைபைமான் எச்.ஈ. 6 என்பதன் உணர்திறன் ஒரு மில்லிவாற்றுக்கு 83.5 தெசிபெல், தடங்கல் 50 ஓம். அதிலே 103.5 தெசிபெல் உச்சத்தை எட்ட 100 மில்லிவாற்று வலுவும் 2.2 வோல்ற்றும் வேண்டும். சாதாரணக் கைத்தொலைபேசி இதனை வழங்காது.

அளவும் மயக்கமும்

எனினும், இத்தகைய சில ஹெட்போன்களுக்குரிய உண்மையை எல்லா ஹெட்போன்களுக்கும் விரித்துக் கூறுவது பொருந்தாது. ஒரு மில்லிவாற்றுக்கு 97 தெசிபெல் உணர்திறனும் 300 ஓம் தடங்கலும் உடைய ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். இது இயக்குதற்கு அரியதென மதிக்கப்படும் வகையினது. 1 வோல்ற்றளவில் அது 3.3 மில்லிவாற்றைப் பெற்று 102 தெசிபெல் வரை ஒலிக்கும். அமைதியான அறையில் அளவோடு கேட்பவருக்கு இது பெரும்பாலும் போதுமானது. மெல்லிய ஒலியும் பேரொலியும் மாறிமாறி வரும் சாஸ்திரீய இசைப்பதிவுகளிலேயே பற்றாக்குறை உணரப்படலாம். அதே உணர்திறனுடைய 32 ஓம் ஹெட்போனோ 112 தெசிபெல் வரை செல்லும். அது செவிக்குத் தீங்கு தரும் அளவு.

வலுவின்றி வேறொரு காரணத்தாலும் தனி விரியலாக்கி பயன்படலாம். பழைய கருவிகள் பல ஒலிபெருக்கிக்குரிய வெளியீட்டைத் தடையொன்றின் வழியாக ஹெட்போனுக்கு வழங்கின. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 61938 ஆம் இலக்க நியமமும் 1996 இல் 120 ஓம் வெளியீட்டுத் தடங்கலையே குறித்தது. மீடிறனுக்கேற்பத் தடங்கல் 10 ஓமிலிருந்து 60 ஓம் வரை மாறும் செவிக்கருவியொன்றை அத்தகைய வெளியீட்டோடு இணைத்தால், சுரங்களுக்கிடையே ஏறத்தாழ 13 தெசிபெல் வேறுபாடு உண்டாகும். வெளியீட்டுத் தடங்கல் 1 ஓமாயின் அவ்வேறுபாடு ஒரு தெசிபெலுக்கும் குறைவாகும். இக்காலத்துச் சிறு சுற்றுக்கள் பல இத்தகைய தாழ்ந்த தடங்கலை மலிவாகவே தருகின்றன.

இவ்விரு காரணங்களும் இல்லாதபோதும் தனி விரியலாக்கி இசையை உயிர்ப்பிக்கின்றது என்போர் உளர். அவர்களுடைய அனுபவம் பொய்யன்று. அதன் காரணமே வேறாகலாம். 1933 இல் பிளெச்சர், மன்சன் என்போர் வெளியிட்ட ஆய்வு, ஒலிமட்டம் உயருங்கால் தாழ்ந்த சுரங்கள் செவிக்கு மேலும் நிறைவாகப் புலப்படும் என்பதைக் காட்டியது. புதிய கருவி சற்று உரத்து ஒலித்தால் அது சிறந்ததாகவே தோன்றும். ஒலிமட்டத்தைச் சமப்படுத்தி, எது எதுவென அறியாது கேட்டால் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்ரீரியோ றிவ்யூ சஞ்சிகை 1987 ஜனவரியில் வெளியிட்ட பரிசோதனையும் இதனையே உணர்த்தியது. மலிவானவையும் விலையுயர்ந்தவையுமான விரியலாக்கிகளைக் கேட்போரால் நம்பத்தக்க முறையில் வேறுபடுத்த இயலவில்லை. அவை ஒலிபெருக்கிக்குரியவை எனினும், அதன் படிப்பினை ஹெட்போனுக்கும் பொருந்துவதே.

முடிவுரை

2016 இல் அப்பிள் நிறுவனம் தனது ஐபோன் 7 இலிருந்து ஹெட்போன் துளையை நீக்கியபின், விரியலாக்கி இணைப்புக் கம்பியின் முனைக்குள் ஒடுங்கியது. கம்பியற்ற ஹெட்போன்களில் அது ஹெட்போனுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அவற்றைக் கம்பியின்றிப் பயன்படுத்துவோருக்குத் தனி விரியலாக்கியை இணைக்க வழியுமில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். ஹெட்போனை அமைப்போர் உணர்திறனை விட்டுக்கொடுத்துத் தெளிவைப் பெற்றபோதெல்லாம், இழந்ததை ஈடுசெய்ய விரியலாக்கி வேண்டப்பட்டது. ஒலியை வழங்கும் கருவி அவ்வீட்டை அளிக்க வல்லதாயின் தனியானதொன்று மிகையே. ஆகவே வாங்க எண்ணும் மாணவர் முதலிற் கேட்கவேண்டியது விரியலாக்கியின் விலையை அன்று. தம் ஹெட்போனின் உணர்திறனையும் தடங்கலையுமே. ஒலிமட்டத்தை முழுதும் உயர்த்தியும் இசை மெலிந்தோ சிதைந்தோ கேட்குமாயின் தேவை மெய்யானது. உயர்த்துவதற்கு இன்னும் இடமிருக்க இசை தெளிவாகக் கேட்குமாயின், அப்பணத்தை மேலான ஹெட்போனுக்கோ நல்ல இசைப்பதிவுகளுக்கோ செலவிடுதலே தக்கது.

இறுதியாக, எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய இயலாத ஒன்றுண்டு, அது செவி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 இல் வகுத்த நியமம், வளர்ந்தோர் 80 தெசிபெல் மட்டத்தில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்டலையே எல்லையாகக் கொண்டது. ஒவ்வொரு 3 தெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகின்றது. 89 தெசிபெலில் எஞ்சுவது 5 மணித்தியாலமே. போல்ட்வின் காலத்து மக்கள் காதிற்கு எட்டாத ஒலியை எட்டச்செய்ய ஒரு மைல் கம்பி சுற்றினர். இன்றையோருக்கோ மிகையாக எட்டும் ஒலியைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாலும் எஞ்சியுள்ள பணியாகும்.