வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை

குரோம்பேட்டை எம்.ஐ.டி. மேம்பாலத்தில் நீங்கள் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருப்பீர்கள். சிக்னலில் நிற்கும்போது கல்லூரி மதில் கண்ணில் படும். அப்துல் கலாம் படித்த இடம் என்று பிள்ளைகளுக்குக் காட்டியும் இருப்பீர்கள். அந்த மதிலுக்கு உள்ளே எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வார இறுதியைப் பற்றித்தான் இந்த முறை பேசப் போகிறோம். பள்ளி ரோபோ போட்டி, அறிவியல் கண்காட்சி என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கடைசி நேரத்தில் கண் விழித்து வேலை செய்வதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் அந்த வார இறுதியில் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் கல்லூரியின் கதை. தோல் பதனிடும் குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்றது குரோம்பேட்டை. நாடு விடுதலை பெற்ற இரண்டே ஆண்டில், 1949-ல், சி. ராஜம் என்ற தொழிலதிபர் இங்கே மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். அதற்காக அவர் 'இந்தியா ஹவுஸ்' என்ற தன் சொந்த வீட்டையே விற்றார். விமானப் பொறியியல் போன்ற படிப்புகள் நாட்டில் அரிதாக இருந்த காலத்தில், பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அவற்றை இங்கே கற்றுக்கொடுத்தார்கள். 1978-ல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

1950-களின் நடுவில் ராமேஸ்வரத்திலிருந்து கலாம் இங்கே வந்தார். சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்டுத் தருவதாகக் கலாம் தனக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். படிப்பு நடந்ததோ உதவித்தொகையில். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வளாகத்தில் பறந்து ஓய்ந்த இரண்டு பழைய விமானங்களைப் பாடத்துக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பாராம். வகுப்புகள் முடிந்ததும் அவருக்கும் இன்னும் நான்கு மாணவர்களுக்கும் ஒரு புராஜெக்ட் தரப்பட்டது. தாழ்வாகப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். காற்றியக்க வடிவமைப்பும் அதன் வரைபடமும் கலாமின் பொறுப்பு. எஞ்சின், கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தரையை ஒட்டிப் பறக்கும் விமானம் எளிதான வேலை இல்லை. அங்கே காற்று அடர்த்தியாக இருக்கும், குலுக்கலும் அதிகம். இறக்கை எவ்வளவு பெரியது, உடலில் எங்கே பொருந்துகிறது, எடை எங்கே குவிகிறது என்பதெல்லாம் முடிவான பிறகுதான் எஞ்சினையும் கட்டமைப்பையும் பற்றி உறுதியாகப் பேச முடியும். கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு கோடு மாறினால் அதோடு சேர்ந்த எல்லாவற்றையும் அழித்துக் கையால்தான் திரும்ப வரைய வேண்டும். அந்த ஒரு படத்துக்காக நான்கு பேரின் வேலை காத்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார். அவர் டிசைன் ஆசிரியர், கல்லூரியின் இயக்குநரும் அவரே. வேலை நடந்திருந்த அழகு அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கலாம் சொன்ன காரணங்கள் எதுவும் எடுபடவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்டார் கலாம். பேராசிரியர் கொடுத்தது மூன்று நாள். திங்கள் காலைக்குள் படம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் சொல்லிவிட்டார். உதவித்தொகை நின்றால் படிப்பும் நிற்கும். அடகுக் கடையில் இருக்கும் வளையல்களை எப்படி மீட்பது?

அன்றிரவு கலாம் சாப்பிடப் போகவில்லை, டிராயிங் போர்டை விட்டு நகரவில்லை. மறுநாள் காலை குளித்து ஏதோ கொஞ்சம் சாப்பிட ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலை வேலை முடியும் தறுவாயில் அறையில் யாரோ நிற்பதை உணர்ந்து திரும்பினார். டென்னிஸ் ஆடிவிட்டு அதே உடையில் வந்த பேராசிரியர், சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தவர் கலாமைக் கட்டியணைத்துக்கொண்டார். முடிக்க முடியாத கெடு என்று தெரிந்துதான் கொடுத்தேன், இவ்வளவு நன்றாகச் செய்வாய் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இவையெல்லாம் 1999-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் கலாமே சொன்னவை.

இந்தக் கதையைப் பள்ளி விழா மேடைகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். பெரும்பாலும் 'நெருக்கினால்தான் பிள்ளைகள் உருப்படுவார்கள்' என்ற நீதியோடு வரும். அந்த நீதி பாதிக் கதையில் நின்றுவிடுகிறது. அந்த மூன்று நாளுக்குப் பின்னால் கலாம் ஆண்டுக்கணக்கில் படித்த பாடம் இருந்தது. கெடு புதிய அறிவு எதையும் தரவில்லை. தலைக்குள் இருந்ததைத் தாளில் இறக்க வைத்தது, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், கெடு வைத்தவர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். திங்கள் வரை காத்திருந்து வந்ததா, வரவில்லையா என்று மட்டும் அவர் கேட்டிருக்கலாம். மாணவன் என்ன ஆனான் என்று பார்க்க விடுமுறை நாளில் வந்து நின்றதால்தான் அந்த மிரட்டலை நாம் இன்று பாடமாகப் பேசுகிறோம்.

கலாம் அந்தப் புராஜெக்டின் மிச்ச நாட்களில் கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டார். நம் விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதி முதல் பரிசு பெற்றார். பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன், நம் வீட்டுப் பெரியவர்கள் விழுந்து விழுந்து படித்த துப்பறியும் சாம்புவை எழுதியவர்.

கெடுவைப் பற்றி ரோபோ உலகமும் யோசித்திருக்கிறது. அமெரிக்காவில் டீன் கேமன் 1989-ல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்துகிறது. ஜனவரியில் விளையாட்டின் விதிகளை அறிவிப்பார்கள். ஏறக்குறைய ஆறு வாரத்தில் ரோபோவைக் கட்டி முடித்து, பையில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும் என்பது பல ஆண்டுகள் இருந்த விதி. வசதியுள்ள அணிகள் இரண்டாவதாக ஒரு ரோபோவைச் செய்து பயிற்சியைத் தொடர்ந்தன, மற்றவர்களால் முடியவில்லை. 2020 பருவம் முதல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

குரோம்பேட்டை வளாகத்தில் கதை கலாமோடு முடியவில்லை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான அனுசாட் அங்கேதான் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து செய்தது. ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள அது 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது.

எல்லாக் கடைசி ஓட்டமும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு ஒருங்கிணைக்க, நாடெங்கும் 750 பள்ளி மாணவிகள் சேர்ந்து 75 சிறு கருவிகள் கொண்ட ஆசாதிசாட்டை உருவாக்கினார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது கிளம்பியது. 356 கி.மீ. உயர வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒரு முனை 76 கி.மீ. வரை இறங்கும் நீள்வட்டத்தில் ராக்கெட் கொண்டுபோய் விட்டதால் செயற்கைக்கோள் வீணானது. மாணவிகள் மேல் தவறு எதுவுமில்லை. ஆறு மாதத்தில் ஆசாதிசாட்-2 தயாரானது. 2023 பிப்ரவரி 10 அன்று அது சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. முதல் தோல்வியோடு பெரியவர்கள் கடையைக் கட்டியிருந்தால் இரண்டாவது பயணம் நடந்திருக்குமா?

உங்கள் வீட்டிலோ பக்கத்து ஃபிளாட்டிலோ பிள்ளைகள் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தால், ஞாயிறு காலை ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜெயிப்பீர்களா என்று கேட்க வேண்டாம். எது ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று கேளுங்கள், சொல்வார்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் பொது ஹாலில் விளக்கு வழக்கத்தைவிடச் சற்று நேரம் எரியட்டும். சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு தட்டு இட்லி போய்ச் சேரட்டும்.