பம்பாய்ப் பெட்டியும் சூரத்துக் கைகளும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகள் பலவற்றில், ஊரிலிருந்து கொண்டுவந்த நகைப்பெட்டி ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் மேலே ஒரு தட்டு. தோடு, மூக்குத்தி, மோதிரம் இவற்றுக்குத் தனித்தனி அறைகள். தட்டைத் தூக்கி எடுத்தால் அடியில் ஆழமான இடம். சங்கிலியும் வளையலும் அங்கே உறங்கும். இவ்வகைப் பெட்டிகளுள் கடல் கடந்து புகழ்பெற்ற ஒன்று, நம்மில் பலர் இன்று வாழும் மேற்குக் கரையிலேயே உருவாயிற்று. அதன் வரலாற்றை அறிவது, நாம் குடியேறிய மண்ணை அறிவதுமாகும்.

'பம்பாய்ப் பெட்டி' என்று ஆங்கிலேயர் அழைத்த அதன்மேல் காணும் வேலைக்குச் சாடேலி என்று பெயர். பாரசீகத்து ஷிராஸ் நகரில் தழைத்த பதிப்புக் கலை, சிந்து நாட்டின் வழியாகச் சூரத்துக்கும் பம்பாய்க்கும் வந்தது என்பர். சூரத்தில் பார்சிகளும் இந்துக்களும் இத்தொழிலில் தேர்ந்தனர். 'பேட்டி' என்ற குஜராத்திச் சொல் நம் 'பெட்டி'யே போல ஒலிப்பது. பெட்டி செய்வோர் என்னும் பொருள்படும் பேட்டிகரா என்ற குடும்பப்பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது.

வேலையின் நுட்பம் வியப்புக்குரியது. யானைத்தந்தம், கருங்காலி, சிவந்த பதங்கமரம், வெள்ளீயம் ஆகியவற்றை மெல்லிய முப்பட்டைக் குச்சிகளாக இழைப்பர். அவற்றைக் கோலத்துக்கேற்ப அடுக்கி, வச்சிரத்தால் ஒட்டி, ஒரே கற்றையாக்குவர். பின்னர் அக்கற்றையைக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அறுப்பர். வாழைத்தண்டை எங்கே அரிந்தாலும் அதே வளையங்களைக் காண்கிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு வில்லையிலும் அதே நட்சத்திரம் தோன்றும். அவ்வில்லைகளை வரிசையாகப் பெட்டியின்மேல் பதித்து மெருகிடுவர்.

பெட்டியின் உடல் பெரும்பாலும் சந்தனமரம். தெற்கே மைசூர், கன்னடக் காடுகள் அதன் விளைநிலம். மணத்துக்காக மட்டும் அம்மரத்தை விரும்பவில்லை. பூச்சி அதனை எளிதில் அண்டாது, இழை நெருக்கமானது. உட்சுவரில் ஒட்டிய சிறு சட்டங்களின்மேல் தட்டு அமரும். தட்டுக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துப் பெருக்கும். இடைவெளி குறைந்தால் தட்டு எழாது, மிகுந்தால் ஆடும். பார்ப்பவர் கண் மேற்கோலத்தில் நிற்கும். தச்சனின் தேர்ச்சியோ இந்த இடைவெளியில் நிற்கும்.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கில மாதர் இவற்றைத் தையற்பெட்டிகளாகவும் விரும்பி வாங்கினர். 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியிலும் இவை இடம்பெற்றன. ஆயினும் பெட்டிக்கு விற்ற துறைமுகத்தின் பெயர் நிலைத்ததேயன்றிச் செய்தவர் பெயர் நிலைக்கவில்லை. அருங்காட்சியகங்களில் இன்று நாம் காணும் பெட்டிகளுள் பெரும்பாலானவை செய்தவர் பெயர் அறியப்படாதவையே. ஏற்றுமதி பெருகப் பெருக, நூற்றாண்டின் பிற்பகுதியில் கோலங்களின் நுணுக்கமும் குறைந்தது.

இன்னொரு விலையையும் நாம் மறைத்தல் ஆகாது. பம்பாய்க்கு வந்த தந்தத்தின் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்க யானைகளின் உயிர் கொடுத்தது. 1989ல் நாடுகள் கூடி ஆப்பிரிக்க யானைத்தந்த வாணிகத்தைத் தடுக்க முடிவு செய்தன. நம் நாட்டுச் சட்டமும் 1986லும் 1991லும் இறுக்கப்பட்டது. அத்தடை நேரியது, நாம் அதற்காக வருந்த வேண்டியதில்லை. தந்தம் நீங்கியும், மாற்றுப் பொருள்களைக் கொண்டு சூரத்தில் மிகச் சில கைகள் இன்றும் சாடேலி இழைக்கின்றன. கலை தந்தத்தில் இல்லை, கையில்தான் இருந்தது என்பதற்கு அவையே சான்று.

நம் வீட்டுப் பழம்பெட்டியின் தட்டு ஆடத் தொடங்கினால், அதைப் பழைய சாமான்காரரிடம் தள்ளுமுன் ஒருமுறை தூக்கிப் பார்ப்போம். அடியிலுள்ள சட்டத்தில் ஒரு தச்சனின் உளித்தடம் தெரியலாம். பெயரெழுதாமல் போனவர் விட்டுச்சென்ற கையொப்பம் அதுவே.