பாதிரிக்குடியார் காவல்

மதுரைக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூரை அடுத்து, ஏழு குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் அரிட்டாபட்டி. கழிஞ்சமலைக் குகையொன்றைச் சமண முனிவர்களுக்கென நெல்வேலியைச் சார்ந்த ஒருவன் அமைத்துக் கொடுத்த செய்தியை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டுத் தமிழிக் கல்வெட்டு தாங்கி நிற்கிறது. அருகே தீர்த்தங்கரர் சிற்பம். அச்சணந்தி அதைச் செய்வித்தார். பாதிரிக்குடியார் அதற்குக் காவல் என்கிறது வட்டெழுத்து. (பாதிரி என்பது இங்கு மரத்தின் பெயர்; என் போன்றோர் உரிமை கொண்டாட இடமில்லை!) சற்றுத் தள்ளிப் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில்.

அத்திருமேனியைக் காக்க ஓர் ஊரே பொறுப்பேற்றது எனக்கு வியப்பளிக்கிறது. ஆயினும் ஊரின் உயிர் நீரில்தான் உள்ளது. பாறையில் விழும் மழை சுனைகளில் தேங்கி, கண்மாய்களுக்கு இறங்கி, வயலைச் சேர்கிறது. 200 சுனைகள், 72 ஏரிகள் என அரசே கணக்கிட்டு, 2022 நவம்பரில் இப்பகுதியைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

ஈராண்டு கழியவில்லை. 2024 நவம்பரில் இவ்வூரையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் போனதாக மத்திய அரசு அறிவித்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தனர். உழவரும் வணிகரும், சாதி சமய வேறுபாடின்றி. அம்மாதம் 23ஆம் நாள் ஏலம் ரத்தாயிற்று.

அந்த 2,015 ஹெக்டேரில் பாரம்பரியத் தலமென முன்னரே காப்புப் பெற்றிருந்தது ஏறத்தாழ 193 மட்டுமே. எஞ்சியவற்றை ஊரார்தாம் காத்தனர்.