மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயம் படித்தவர்கள்

கோல சிலாங்கூரில் ஆற்றைக் கடந்தால் பாசிர் பெனம்பாங். கரையோரம் மீன்பிடிப் படகுகளும் கடலுணவுக் கடைகளும். உள்ளே போகப் போகச் செம்பனைதான். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த வட்டாரத்துத் தென்னமாரம். 1917-இல் நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கியது.

இந்தத் தோட்டங்களில் வேலை செய்யக் கங்காணி பின்னால் கப்பலேறி வந்தவர்கள் மாரியம்மனையும் தீமிதியையும் உறுமியையும் கொண்டுவந்தார்கள். பின்னாளில் பரதநாட்டியம் என்று பெயர் பெற்ற சதிர் அவர்களோடு வரவில்லை. வரவும் முடியாது. அது கோயில் தாசிகளிடமும் நட்டுவனார்களிடமும் இருந்த கலை. பார்த்து ரசித்தவர்கள் ஜமீன்தார்களும் பட்டணத்துச் செல்வர்களும். முகத்தாலும் கையாலும் கதை சொல்லும் அபிநயம் சிலாங்கூருக்கு வேறு வழியில், பிந்தித்தான் வந்தது. அந்த வழி மயிலாப்பூரில் தொடங்குகிறது.

கபாலீசுவரர் கோயில் தாசி மரபில் வந்தவர் கௌரி அம்மாள் (1892–1971). அபிநயத்துக்கு இலக்கண நூல்கள் உண்டு. நந்திகேசுவரரின் ‘அபிநய தர்ப்பணம்’ தலைக்கு ஒன்பது அசைவு, பார்வைக்கு எட்டு, ஒற்றைக் கைக்கு இருபத்தெட்டு முத்திரை என்று எண்ணி வைத்திருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி அதை 1917-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கெல்லாம் அபிநயம் வந்துவிடுமா? அம்மாள் கைவசம் இருந்தது பதம் என்ற காதல் பாட்டு. க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதம் ஒன்றை எடுத்தால் பாடிக்கொண்டே ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பிடிப்பது அந்த மரபு. ஏன் வரவில்லை என்று நாயகி கேட்கிறாள்: முதல் தடவை ஏக்கம், அடுத்த தடவை குத்தல், அதற்கடுத்து எல்லாம் தெரிந்துவிட்ட அலட்சியம். சொல் மாறாது, முகம் மாறும். எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும் பாடம் இது.

வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி சிறுமியாக அப்படிப் பார்த்து மயங்கியவர். தனக்கு ஆட்டத்தில் ஆசை மூட்டியது கௌரி அம்மாளின் ஆட்டமே என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அடவும் தாளமும் கந்தப்பப் பிள்ளையிடம். அரங்கேற்றம் 1925-இல் காஞ்சிபுரத்தில், ஏழு வயதில். அபிநயத்துக்குக் கௌரி அம்மாளோடு, கூச்சிப்பூடிக்காரரான வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியும் ஆசானானார். சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில், கடற்கரையில் காற்று சேலையை அலைக்கழிக்க ‘கிருஷ்ணா நீ பேகனே’ ஆடுகிறார். குழந்தையை வா வா என்று அழைப்பதுதான் பாட்டு முழுக்க. அழைக்கும் அந்தக் கை எத்தனை விதமாக மடங்குகிறது என்பதை மட்டும் பார்க்கவே படத்தை இன்னொரு முறை போடலாம்.

பாரீஸிலும் இப்படி ஒரு குருகுலம் இருந்தது. எத்தியேன் தெக்ரூவிடம் உடலசைவைப் படித்த மார்செல் மார்சோ, வெள்ளை பூசிய முகத்தோடு ‘பிப்’ என்ற ஊமைப் பாத்திரத்தை 1947-இல் மேடையேற்றினார். அங்கே பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. மயிலாப்பூர் மரபிலோ பாட்டு இல்லாமல் முகம் அசையாது. அதே 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக் கட்டும் கொடுமையை நிறுத்த அது வேண்டியிருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கோயிலை நம்பியிருந்தவர்களின் பிழைப்புக்கு மாற்று என்ன என்று கேட்டவர்கள் குறைவு. கௌரி அம்மாளின் முதுமை வறுமையிலும் பார்வை மங்கியும் கழிந்தது.

அவரிடம் படித்தவர்களில் கலாநிதி நாராயணன் கதை தனி. பிராமணக் குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே பதங்களைக் கற்றவர், கல்யாணத்தோடு ஆட்டத்தை விட்டார். ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 1973-இல், கலை ஆர்வலர் ஒய்.ஜி. துரைசாமி வற்புறுத்தியதால் நடனக் கலைஞர் அலர்மேல் வள்ளிக்கு அபிநயம் சொல்லித்தர உட்கார்ந்தார். அதன்பின் அபிநயம் என்றாலே ‘கலாநிதி மாமி’ என்றாகிவிட்டது. 1985-இல் பத்ம பூஷணும் வந்தது.

சிலாங்கூருக்கு வந்த கிளை ருக்மிணி தேவி வழியானது. அவரும் 1930-களில் முதலில் கௌரி அம்மாளிடம் கற்று, பிறகே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனவர். 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த அடையாறு கே. லட்சுமணிடம் பரதம் படித்தவர், காஜாங்கில் பிறந்த ராம்லி இப்ராகிம். இயந்திரப் பொறியியல் படித்த மலாய்க்காரர். 1983-இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவை நிறுவினார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1981-இல், ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ அதே நகரில் பரத வகுப்புகளோடு தொடங்கியிருந்தது. தோட்டத்து லயத்திலிருந்து பட்டணம் போன குடும்பங்களின் பெண்பிள்ளைகள் அபிநயத்தின் முதல் பாடத்தை இப்படிப்பட்ட வகுப்புகளில்தான் எடுத்தார்கள்.