நூலகத்துச் சிறுகதைப் போட்டி – ஒரு சின்ன வரலாறு

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். 1968-லிருந்து கொண்டாடி வருகிறார்கள். அந்த ஒரு வாரம் நம் பக்கத்து நூலகங்களுக்கு ஒரு கலகலப்பு வந்துவிடும். புத்தகக் கண்காட்சி, பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, சில இடங்களில் வாசகர் வட்டத்தின் சார்பில் கவிதை, சிறுகதைப் போட்டியும் உண்டு. அறிவிப்பு ஒரே ஒரு தாளில் அச்சாகி, செய்தித்தாள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காலையில் பேப்பர் படிக்க வரும் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள்தான் அதை முதலில் படிப்போம். படித்துவிட்டு, "இதெல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பிவிடுவோம்.

அந்தத் தாளுக்குப் பின்னால் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. ஒன்று சிறுகதைப் போட்டியின் வரலாறு. இன்னொன்று ஊருக்கு ஊர் நூலகம் வந்த வரலாறு. இரண்டையும் தெரிந்துகொண்டால் அந்த அறிவிப்பை அவ்வளவு லேசாகக் கடந்து போக மாட்டோம்.

முதலில் போட்டி. தமிழில் சிறுகதைக்கு வயது அதிகமில்லை. வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915-ல் வந்தது. அதைத்தான் முதல் சிறுகதை என்று பலரும் சொல்கிறார்கள். அதிலிருந்து இருபது வருடத்துக்குள் பத்திரிகைகள் போட்டி வைக்கத் தொடங்கிவிட்டன. 1928-ல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் போட்டிகளின் பலத்தை நன்றாக அறிந்தவர். குறுக்கெழுத்துப் போட்டி வைத்தே பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். 1930-களின் தொடக்கத்தில் விகடன் ஒரு சிறுகதைப் போட்டி அறிவித்தது.

அந்தப் போட்டிக்கு வத்தலக்குண்டைச் சேர்ந்த ஒரு இளைஞர் கதை அனுப்பினார். உப்புச் சத்தியாக்கிரக காலத்தில் சிறைக்குப் போய் வந்தவர். கதையின் பெயர் 'மலரும் மணமும்'. முதல் பரிசு கிடைக்கவில்லை, ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. நம்மில் பலர் ஆறுதல் பரிசு என்றால் வாங்கவே வெட்கப்படுவோம். அவர் அதோடு நிற்கவில்லை. அவர்தான் பி.எஸ். ராமையா. 1933-ல் தொடங்கிய 'மணிக்கொடி' 1935-ல் சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகையாக மாறியபோது ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் அவர். புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, சி.சு. செல்லப்பா எல்லோரும் அதில் எழுதினார்கள். மௌனியை எழுத வைத்ததே ராமையாதான். கடைசியில் அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய 'மணிக்கொடி காலம்' நூலுக்கு 1982-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆறுதல் பரிசில் தொடங்கிய பயணம் அது.

கலைமகளும் அந்தக் காலத்திலேயே போட்டி வைத்தது. பிச்சமூர்த்தியின் 'முள்ளும் ரோஜாவும்' அதில் பரிசு பெற்ற கதை. பின்னால் 1957-ல் கலைமகள் வெள்ளி விழாப் பரிசு ஆர். சூடாமணிக்குக் கிடைத்தது. உடல்நலம் காரணமாக வீட்டோடு இருந்தே எழுதியவர் அவர். வெளியுலகில் ஆள் அறிமுகம் இல்லாதவர்களுக்குப் போட்டி எப்படி ஒரு வாசலாக இருந்தது என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

இன்னொரு சாட்சி நம் பக்கத்துக்காரர். ராஜம் கிருஷ்ணன் 1925-ல் முசிறியில் பிறந்தவர். அன்று முசிறியும் பெரம்பலூரும் ஒரே திருச்சி மாவட்டம். 15 வயதில் திருமணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் மின்துறைப் பொறியாளர். வீட்டு வேலைகளுக்கு நடுவில் படித்தும் எழுதியும் வளர்ந்தவர். 'ஊசியும் உணர்வும்' என்ற அவருடைய கதை 1950-ல் நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் நடத்திய உலகச் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றது. 1953-ல் 'பெண்குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசு. 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. படகர்களைப் பற்றி 'குறிஞ்சித் தேன்', உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதினார். பள்ளிச் சான்றிதழ் கேட்காத ஒரே தேர்வு கதைப் போட்டிதான் என்று எனக்குத் தோன்றும்.

போட்டி விதிகளையும் கொஞ்சம் பாருங்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். கதைத் தாளில் பெயர் எழுதக் கூடாது, தனித் தாளில் எழுத வேண்டும். "இது என் சொந்தக் கற்பனையே, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல" என்று உறுதிமொழி தர வேண்டும். இந்தக் கடைசி விதி சும்மா வந்துவிடவில்லை. 1930, 40-களில் மேல்நாட்டுக் கதைகளைத் தழுவி எழுதுவது சரியா தவறா என்று எழுத்தாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. அந்தச் சண்டையின் தழும்பு இன்றைக்கும் விதிமுறைத் தாளில் இருக்கிறது.

இனி நூலகம். 1931-ல் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூல் வெளியானது. அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். நம் கட்சி! ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் அது.

ரங்கநாதனின் பல வருட முயற்சியில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. இப்போது ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தெரியும். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. நூலகத்தின் நாற்காலி, புத்தகம் எல்லாவற்றிலும் நம் காசு இருக்கிறது.

இங்கேதான் பத்திரிகைப் போட்டிக்கும் நூலகப் போட்டிக்கும் வித்தியாசம். பத்திரிகை விற்றாக வேண்டும். அதற்கு ஏற்ற கதையைத்தான் அது எடுக்கும். அதில் தப்பு சொல்ல முடியாது. நூலகத்துக்கு அந்தக் கவலை இல்லை. சென்னை வாசகருக்குப் புரியுமா என்று பார்க்காமல் உங்கள் ஊர்ப் பேச்சில், உங்கள் ஊர் விஷயத்தை எழுதலாம்.

எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? எங்கள் வாலிகண்டபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும் ஊர். வாலி பூசித்ததாகச் சொல்லும் வாலீஸ்வரர் கோயில், அதில் சோழர் காலக் கல்வெட்டுகள், அருணகிரிநாதரின் திருப்புகழ் எல்லாம் இந்த ஊருக்கு உண்டு. 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கமாக இங்கே மோதினார்கள். வெள்ளைக்காரன் ஏட்டில் ஊரின் பெயர் வால்கொண்டா. ரஞ்சன்குடிக் கோட்டைத் தலைவன் யாருக்கும் பிடிகொடுக்காமல் இரண்டு பக்கமும் பேச்சு நடத்திக்கொண்டே நாளைக் கடத்தினான். கடைசியில் ஆங்கிலப் படை திருச்சியை நோக்கிப் பின்வாங்கியது. இளைஞன் ராபர்ட் கிளைவும் அந்தப் படையில் இருந்தான். அடுத்த சில வாரங்களில் ஆற்காட்டில் பெயர் வாங்கியவன் அவனே. கிளைவைப் பற்றி ஆயிரம் புத்தகம் இருக்கிறது. அந்த நாட்களில் இரண்டு படைகளுக்கு நடுவில் இங்கே மாடு மேய்த்தவன் என்ன செய்திருப்பான்? அதை எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. கதை எழுதுகிறவர்தான் எழுத முடியும்.

பழைய விஷயம் வேண்டாம் என்றால் வெங்காயப் பட்டறை இருக்கிறது. விலை ஏறும் என்று சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் சம்சாரியின் மனசுக்குள் எத்தனை கதை ஓடும்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். போட்டி முடிந்தால் பரிசு பெற்ற மூன்று கதைகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். மற்றவை கட்டாகக் கட்டி மூலைக்குப் போய், பிறகு பழைய பேப்பரோடு போய்விடும். எழுதியவர்களின் சம்மதத்தோடு, வந்த எல்லாக் கதைகளையும் வருடத்துக்கு ஒரு தொகுப்பாகப் பைண்டு செய்து அந்த நூலகத்திலேயே வைத்தால் என்ன? செலவு சில நூறு ரூபாய்தான். வாசகர் வட்டத்தில் உள்ள நாமே பகிர்ந்துகொள்ளலாம். ஐம்பது வருடம் கழித்து இந்தப் பக்கத்து மனிதர்கள் என்ன பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று தேடுகிறவனுக்கு அந்தத் தொகுப்பைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. கோயில் சுவரில் கல்வெட்டு வெட்டி வைத்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை சுவரில் அந்தத் தாளைப் பார்த்தால் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வயது வரம்பு இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதுங்கள். இருந்தால் பேரப்பிள்ளைக்குக் கதையைச் சொல்லி எழுத வையுங்கள். மறக்காமல் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.