பாடிப் போகிறவனும் பிடிக்க நிற்கிறவனும்



என்னிடம் படித்து, இன்று கல்லூரிக் கபடி அணிகளுக்குப் பயிற்சி தரும் சிலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். "ஐயா, பசங்க ரெய்டு மின்னலா போறாங்க. பிடிதான் வர மாட்டேங்குது." பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பொங்கல் போட்டிகளைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பையன்களைக் குறை சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

செந்துறை, குன்னம் பக்கத்து மண் களங்களில் சடுகுடு ஆடிய காலத்தில் கடிகாரம் கிடையாது. பாடிப் போகிறவனுக்கு மூச்சுதான் கணக்கு. மூச்சு குறையும்போது பாட்டு மெலியும். அந்த நொடிக்காகக் கைகோத்துக் காத்திருப்பார்கள். பொறுமைதான் பிடியின் முதல் பாடமாக இருந்தது.

1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் இந்த ஆட்டத்தை அங்கே ஆடிக் காட்டினார்கள். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானது. ஆட்டத்துக்குச் சீரான விதிகள் வந்தன. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்று ஆனது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது இன்னொரு விதி பிரபலமானது: தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். ஆட்டம் வேகம் பிடித்தது. தொலைக்காட்சிக்கு அது பொருந்தியது. புகழ் முழுக்க ரெய்டருக்குப் போனது.

2017 தொடரில் பர்தீப் நர்வால் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369. ஒரே தொடரில் 100 டேக்கிள் புள்ளி எடுத்த முதல் ஆள் நிதேஷ் குமார், அது 2018-19 தொடரில்தான். ஒரே ரெய்டில் பல பேரைத் தொடலாம், பிடித்தால் பெரும்பாலும் ஒரு புள்ளிதான் என்பது உண்மை. ஆனால் பையன்கள் கண்ணில் படுவது 369தான்.

நம் பயிற்சிக் களத்திலும் இதே வேகம் நுழைந்துவிட்டது. ரெய்டர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவன் திரும்புவதற்குள் அடுத்தவன் பாடிப் போகிறான். எதிரே நிற்கும் ஏழு பேருக்கு மூச்சு வாங்க நேரமில்லை. கார்னர் ஆள் அவசரப்பட்டுக் கணுக்காலில் பாய்கிறான். பக்கத்தில் இருக்கிற கவர் ஆள் ஒரு நொடி தாமதிக்கிறான். ரெய்டர் உதறிவிட்டு நடுக்கோட்டைத் தொடுகிறான். இங்கே ஆட்டத்தை நிறுத்தி, "நீ எப்போது நகர்ந்திருக்க வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை. விசில் அடித்தாயிற்று, அடுத்த ரெய்டு!

கால் நீட்டித் தொடுவதையும் கையால் தொடுவதையும் ஒருவன் தனியாகவே ஆயிரம் முறை பழகலாம். பிடி அப்படி வராது. முதல் கை பட்ட அதே கணத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து சேர வேண்டும். அது கண்ணும் காலும் சேர்ந்து பழக வேண்டிய கூட்டு வேலை. வேகத்திலேயே பழகினால் தவறுதான் பழக்கமாகும். ரெய்டருக்கும் இதில் நஷ்டமே. ஒழுங்கற்ற பிடியை உதறிப் பழகியவன், நல்ல பிடியில் சிக்கினால் திகைத்துவிடுவான்.

2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது கேப்டன் யார் தெரியுமா? கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன். நாற்பது வயதைத் தாண்டிய பிடி ஆட்டக்காரர்! அதே அணியில் பர்தீப்பும் இருந்தார், ஈரானின் ஃபசல் அத்ராசலியும் இருந்தார். அத்ராசலியும் பிடிக்கிறவர்தான்.

இரண்டே வருடம் கழித்து, 2018 ஆகஸ்ட் 23, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதி. 1990 முதல் தொடர்ந்து ஏழு தங்கம் வென்ற இந்தியாவை ஈரான் 27-18 என்று வீழ்த்தியது. அத்ராசலி அந்த அணியில் இருந்தார். நம்மிடம் பெயர் பெற்ற ரெய்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மொத்த ஆட்டத்திலும் எடுத்தது 18 புள்ளிதான். மறுநாள் பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரானே வென்றது, 27-24. அந்த அணியின் பயிற்சியாளர் நம் நாட்டு ஷைலஜா ஜெயின். 2023இல் ஹாங்சோவில் ஆண்கள் தங்கத்தை மீட்டோம், அதுவும் ஈரானுடன் 33-29 என்று போராடித்தான்.

ஆகவே, பயிற்சி தரும் தம்பிகளே, தங்கைகளே: வேக ரெய்டுப் பயிற்சியை விட வேண்டாம். ஆனால் தினமும் அரை மணி நேரமாவது பிடிக்கிறவர்களுக்கென்று ஒதுக்குங்கள். ரெய்டரை மெதுவாகப் பாடி வரச் சொல்லுங்கள். பிடி தவறினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, யார் எங்கே நின்றார்கள் என்று பார்க்க வையுங்கள். மூன்று பேர் மட்டும் மீதமிருக்கும் நிலையையும் பழக்குங்கள். அங்கே ஒரு பிடிக்கு இரண்டு புள்ளி. அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் உங்கள் நட்சத்திர ரெய்டரை மறுபடி உள்ளே கொண்டுவருவதும் அந்தப் பிடிதான் என்று பையன்களுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் அணியில் என்ன செய்து பார்த்தீர்கள், பலன் எப்படி என்று எழுதுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்