கடற்கரையில் அன்று 445, இன்று 16

குத்தாலத்துக்காரனுக்கு அருவி உண்டு, கடல் கிடையாது. அதனாலயோ என்னவோ, மணல்ல கார் ஓட்டுற கதைன்னா எனக்கு ஒரு கிறக்கம். நம்ம பக்கம் அதுக்குக் கண்ணூர் முழப்பிலங்காடு, சுமார் 4 கி.மீ. ஆனா பழைய பெருசு அமெரிக்காவின் டேடோனாதான்.

ஓதம் வடிஞ்சா ஈரமணல் தார்ரோடு மாதிரி இறுகிடும். 1935 மார்ச்சில் மால்கம் கேம்ப்பெல் அங்கே மணிக்கு 445 கி.மீ. தொட்டார்! செப்டம்பர்ல அவரே பானவில் உப்புத்தரைக்குப் போய் 484 காட்டினார். ரெக்கார்ட் ஆட்டம் கடலை விட்டுப் போச்சு, வண்டிகள் போகலை.

இப்போ வேக வரம்பு 10 மைல், அதாவது 16 கி.மீ. (நம்ம டவுன் பஸ் சிரிக்கும்.) அந்த வொலூஷியா கவுண்டி கடற்கரைகள்ல 2010-ல் நாலு வயசுக் குழந்தைகள் ரெண்டு, வெவ்வேறு நாள்ல, வண்டியில அடிபட்டு இறந்துச்சுங்க. கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டணும்னு அங்கே விதி. அலை இரைச்சல்ல யார் கத்தினாலும் உள்ளே கேக்காதே. மெயின் ஃபால்ஸ்ல நின்னவங்களுக்கு இது புரியும்.